உறங்கிய வாசகமும் நானிங் கிளர்ச்சியும்

பாகான் டாலாம் கரையில் நின்று மேற்கே நோக்குவோர்க்குக் கால்வாய்க்கு அப்பால் ஜார்ஜ் டவுன் நகரம் தோன்றும். அந்நகரின் வடகிழக்கு முனையில் நிற்பது கார்ன்வாலிஸ் கோட்டை. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பீரங்கிகளைக் காட்டுவர். பிரான்சிஸ் லைட்டின் கதையைச் சொல்லுவர். கோட்டைக்குப் பெயர் தந்த கார்ன்வாலிஸ் யார் என்று கேட்கும் பிள்ளை ஆயிரத்தில் ஒன்று. கேட்டால் விடை சொல்ல ஆசிரியரும் சற்றுத் தயங்கவே நேரும்.

கார்ன்வாலிஸ் பிரபு அமெரிக்கக் குடியேற்றங்களின் போரில் ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர். 1781-இல் யார்க்டவுன் என்னுமிடத்தில் முற்றுகையிடப்பட்டுச் சரணடைந்தார். அத்தோல்வியோடு அமெரிக்கா பிரிட்டனின் கையைவிட்டுப் போயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1786 செப்டம்பரில், அவரே இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய மாதம் 11-ஆம் நாள்தான் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். மேற்கே ஒரு பேரரசு சிதைந்த கையோடு கிழக்கே மற்றொன்று முளைத்தது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஒரே பெயர் காணப்படுவது தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆயினும் அத்தற்செயலைச் சற்றே தொடர்ந்து சென்றால் இம்மலாயாத் தீபகற்பத்தின் வரலாற்றிலேயே ஒரு மறந்த பக்கம் திறக்கிறது.

அமெரிக்கக் குடியேற்ற மக்கள் பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக ஏன் எழுந்தனர்? 1765-இல் பார்லிமெண்டு முத்திரைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பத்திரம், செய்தித்தாள், ஏன், விளையாட்டுச் சீட்டுக்கட்டுக்குக்கூட முத்திரை வரி கட்டவேண்டும் என்றது அச்சட்டம். தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத சபை தங்கள்மீது வரி விதிக்கலாகாது என்று குடியேற்றத்தார் மறுத்தனர். மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. அத்துடன் நின்றிருந்தால் வரலாறு வேறாகியிருக்கக்கூடும். ஆனால் சட்டத்தை நீக்கிய அதே வேளையில், எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்யும் உரிமை பார்லிமெண்டுக்கு உண்டு என்று ஒரு பிரகடனச் சட்டமும் இயற்றி வைத்தார்கள். வரி போயிற்று, வரி விதிக்கும் உரிமை காகிதத்தில் உறங்கிற்று. பின்னர் அது விழித்துக்கொண்டபோது தேயிலைச் சிக்கல் எழுந்தது. 1773-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலையின் விலை உண்மையில் குறைந்தது; இராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரிதான். அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. பணத்தின் அளவு சிறிது. அதை ஒப்புக்கொள்வதன் பொருள் பெரிது. அப்பெட்டிகளிலிருந்த தேயிலை கிழக்கிந்தியக் கும்பெனியின் சரக்கு என்பதும், சீனத்தில் வாங்கியது என்பதும் நம் மாணவர்க்குச் சொல்லத் தக்கவை. அந்தச் சீன வாணிகத்துக்கு இடைவழித் துறையாகவும்தான் பினாங்குத் தீவைக் கும்பெனி பின்னர் நாடிற்று.

இன்னொரு செய்தி. 1766-இல் அந்தப் பிரகடனச் சட்டம் பிரபுக்கள் சபையில் வந்தபோது அதை எதிர்த்து வாக்களித்தவர் ஐவர் மட்டுமே. அவ்வைவருள் ஒருவர் இளம் கார்ன்வாலிஸ். காகிதத்தில் உறங்கும் உரிமை ஆபத்தானது என்று அன்று கருதிய சிலருள் ஒருவரின் பெயரைத்தான் பினாங்குக் கோட்டை தாங்கி நிற்கிறது.

இத்தகைய உறங்கும் வாசகம் ஒன்று மலாக்காவை அடுத்த நானிங் நாட்டிலும் இருந்தது. அதை விழிக்கச் செய்தவர்கள் பினாங்கில் இருந்து ஆண்ட கும்பெனி அதிகாரிகள். அதனால் விளைந்த போரில் கும்பெனியின் பக்கம் நின்று வெயிலிலும் சேற்றிலும் உழன்றவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள். ஆகவே இக்கதை பினாங்குக்கும் உரியது, தமிழர்க்கும் உரியது.

நானிங் என்பது மலாக்கா நகருக்கு வடக்கே, இன்றைய அலோர் காஜா மாவட்டத்தில் அடங்கிய சிறு நாடு. பரப்பு ஏறத்தாழ 200 சதுர மைல். சுமத்திராவின் மினாங்காபாவிலிருந்து வந்து காடு வெட்டிக் கழனி திருத்தியவர்களின் வழியினரே அதன் மக்கள். நெகிரி செம்பிலான் மக்களைப் போலவே அவர்களும் தாய்வழி மரபினர். குலத்துக்குச் சுக்கு என்று பெயர். வயலும் தோப்பும் குலத்தின் பெண்மக்கள் வழியே இறங்கும். தனி ஒருவன் விரும்பியபடி விற்றுவிட இயலாது. சுக்குத் தலைவர்களுக்கு மேலே நாட்டுக்கு ஒரு பெங்குலு. அவரை அரசர் என்று சொல்லிவிட முடியாது. வெறும் ஊர் மணியக்காரர் என்று சொல்வதும் பிழை. வழக்குத் தீர்ப்பதும் தண்டிப்பதும், பிற நாட்டாரோடு பேசுவதும் அவர் பொறுப்பு.

1641-இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். அதே ஆண்டில் நானிங் மக்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கும்பெனிக்குக் கொடுக்கவேண்டும் என்று அதில் ஒரு வாசகம். இங்கே கும்பெனி என்றது டச்சுக் கும்பெனியை. ஆனால் டச்சுக்காரர்க்கு மலாக்காக் கோட்டையும் கடல் வாணிகமுமே குறி. காட்டு வழியே இருபது மைல் நடந்து களத்துமேட்டில் நெல்லளக்க அவர்களுக்கு ஆளும் இல்லை, ஆசையும் இல்லை. காலப்போக்கில் அந்தப் பத்திலொன்று ஆண்டுக்கு 400 கந்தாங் நெல் என்ற அடையாளக் காணிக்கையாகச் சுருங்கிற்று. அது மொத்த விளைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். பெங்குலு ஆண்டுதோறும் அதை அனுப்பி வைப்பார். டச்சுக்காரரும் பெற்றுக்கொண்டு மரியாதை செய்வர். புதிய பெங்குலு பதவியேற்கும்போது மலாக்காவின் ஒப்புதலைப் பெறுவதும் வழக்கமாயிருந்தது.

இந்த 400 கந்தாங்கை வரி என்பதா, காணிக்கை என்பதா? விவாதம் முழுவதும் இவ்வொரு கேள்வியில்தான் தொங்குகிறது. காணிக்கை தலைவர் தலைவருக்குக் கொடுப்பது. அதைக் கொடுத்த பின்னர் நாட்டுக்குள்ளே யார் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்க வெளியாருக்கு உரிமையில்லை. வரியோ குடியானவன் ஒவ்வொருவனிடமும் நேரே தண்டப்படுவது. அதற்குத் தலைக்கணக்கு வேண்டும், நில அளவை வேண்டும், களத்தில் நின்று அளப்பவன் வேண்டும், கொடாதவனை விசாரிக்க நீதிமன்றம் வேண்டும். காணிக்கை வரியாக மாறும்போது அரிசி மட்டும் போவதில்லை; பெங்குலுவின் நாற்காலியும் சேர்ந்தே போகிறது.

மலாக்கா 1795-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1801-இல் அவர்கள் நானிங்குடன் புதிய உடன்படிக்கை எழுதினர். பழைய டச்சு வாசகத்தை அப்படியே பெயர்த்தெழுதிப் பத்திலொன்று என்றே குறித்தனர். ஆனால் மக்களின் வறுமையை முன்னிட்டு 400 கந்தாங்கே போதும் என்று இணங்கினர். உரிமை காகிதத்தில் உறங்க, வழக்கம் நாட்டில் நிலவிற்று. 1818-இல் மலாக்கா மீண்டும் டச்சுக்காரரிடம் சென்றது. 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 1825-இல் ஆங்கிலேயரிடமே நிலையாகத் திரும்பி வந்தது. மறு ஆண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆட்சியாக இணைக்கப்பட்டன. தலைநகர் பினாங்கு. கவர்னர் ராபர்ட் புல்லர்ட்டன்.

புல்லர்ட்டன் சென்னை சிவில் சர்வீஸிலிருந்து வந்தவர். சென்னை மாகாணத்தில் நிலம் என்றாலே அரசுக்கு வருமானம். அங்கே கிஸ்தியின் பெயரால் என்னென்ன நிகழ்ந்தன என்பதைத் தமிழாசிரியர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கதை பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மாகாணத்தில் பயின்ற கண்ணோடு மலாக்காவைப் பார்த்த புல்லர்ட்டனுக்கு அங்கிருந்த நிலை பெருங்குழப்பமாகத் தோன்றிற்று. மலாக்காவைச் சுற்றிய நிலங்களில் பத்திலொரு பங்கு வாங்கும் உரிமையை டச்சு ஆட்சியில் சில குடும்பங்கள் பெற்றிருந்தன. ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாகச் சொல்லி, 1828-இல் அவ்வுரிமைகளைக் கும்பெனியே மீட்டுக்கொண்டது. இனி அந்தத் தொகைக்கு ஈடாகக் குடியானவர்களிடம் பத்திலொன்றைத் தாமே தண்டியாக வேண்டும். எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. கொடுக்க வேண்டிய தொகையோ தவறாமல் நின்றது. பற்றாக்குறை வந்த இடத்தில் பழைய ஏடுகளைப் புரட்டுவது எந்தக் கச்சேரிக்கும் இயல்பு. புரட்டியபோது 1641-ஆம் ஆண்டு வாசகம் கண்ணில் பட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கு. 400 கந்தாங் ஆயிரத்திலொரு பங்கு என்றால் மொத்த விளைவு 4,00,000 கந்தாங். அதில் பத்திலொன்று 40,000 கந்தாங். அதாவது நேற்றுவரை 400 அனுப்பிய நாடு நாளை முதல் 40,000 அனுப்ப வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. நூறு மடங்கு உயர்வை, புதிய வரியன்று, பழைய பாக்கி உரிமையே என்று ஒருவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

பாஸ்டன் மக்கள் மூன்று பென்ஸ் தேயிலை வரிக்கே எழுந்தார்கள். அங்கே அளவு சிறிது, கொள்கை பெரிது. நானிங்கிலோ அளவும் பெரிது, கொள்கையும் பெரிது.

வரியோடு சட்டமும் வந்தது. 1826-இல் வழங்கப்பட்ட நீதிப் பட்டயத்தால் மூன்று குடியேற்றங்களுக்கும் ஆங்கில நீதிமன்ற முறை விரிந்தது. நானிங் மலாக்காவின் ஒரு பகுதியே எனில், கொலை முதலிய பெருங்குற்றங்களை மலாக்கா நீதிமன்றமே விசாரிக்க வேண்டும், பெங்குலு தண்டிக்கலாகாது. நிலங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த லூயிஸ் என்பவர் இக்கொள்கையில் மிகுந்த ஊக்கமுடையவர். நானிங்கில் தலைக்கணக்கு எடுக்கவும் பத்திலொன்றை விதிக்கவும் முயற்சி நடந்தது. அப்போதைய பெங்குலு டோல் சாயிட். அவரையும் சுக்குத் தலைவர்களையும் சம்பளம் பெறும் அதிகாரிகளாக்கி வரி தண்டச் செய்யலாம் என்று கும்பெனியார் திட்டமிட்டனர். ஓர் ஆட்சியாளனைச் சம்பளக்காரனாக்குவது பெருந்தன்மை என்று அவர்கள் எண்ணினர் போலும். டோல் சாயிட் மறுத்துவிட்டார்.

கும்பெனியின் கோரிக்கை சட்டப்படி முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. நடுநிலையோடு நோக்குவோர் இதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். எழுதப்பட்ட வாசகம் இருந்தது. பெங்குலுக்கள் மலாக்காவின் ஒப்புதலைப் பெற்றதும் உண்மை. ஆனால் தலைமுறை தலைமுறையாக நடைமுறையில் இல்லாத உரிமை உரிமைதானா? வழக்கத்தையே சட்டமாகக் கொண்ட மக்களிடம், வழக்கத்தை விலக்கி ஏட்டைக் காட்டுவது எவ்வாறு செல்லும்? மினாங்காபாவ் மரபுக்கு ஆதாட் என்று பெயர். அதன்படி காடு வெட்டித் திருத்தியவருக்கே கழனி. ஆங்கிலச் சட்டப்படியோ மண் முழுவதும் அரசுக்குரியது. இவ்விரண்டும் சந்தித்த இடம் நானிங்.

1830 அக்டோபரில் ஒரு சிறு நிகழ்ச்சி. பெங்காலான் நானிங்கில் சூரின் என்பவரின் பழத்தோட்டத்தை டோல் சாயிட் கைப்பற்றிப் பழங்களை எடுத்துக்கொண்டார். சூரின் மலாக்கா அரசின் பாதுகாப்பைக் கோரினார். திருப்பித் தருமாறு பெங்குலுவுக்கு ஆணை சென்றது, அவர் இணங்கவில்லை. ஒரு தோட்டத்துப் பழம் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியாக வளர்ந்தது. பினாங்குக்கும் கல்கத்தாவுக்கும் கடிதங்கள் பறந்தன. இதற்குள் சிக்கன நடவடிக்கையாகப் பினாங்கின் தனி மாகாண நிலை 1830-இலேயே நீக்கப்பட்டிருந்தது. புல்லர்ட்டன் சென்றுவிட்டார், இப்பெட்சன் பொறுப்பேற்றார். திட்டம் தீட்டியவர் போய்விட்டார், திட்டம் போகவில்லை.

1831 ஆகஸ்டு மாதம் 150 சிப்பாய்களும் இரண்டு சிறு பீரங்கிகளும் கொண்ட படை மலாக்காவிலிருந்து புறப்பட்டது. டோல் சாயிட்டின் ஊராகிய தாபோவை அடைந்து அவரைப் பிடித்து வந்துவிடலாம் என்று அதிகாரிகள் நம்பினர். சென்னைப் படையில் தமிழர் மட்டுமல்லர், தெலுங்கரும் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். சமவெளியில் அணிவகுத்துப் போரிடப் பழகியவர்கள் அவர்கள். நானிங்கிலோ பாதை என்பது இரு மருங்கும் காடு அடர்ந்த ஒற்றையடித் தடம். நடுநடுவே இடுப்பளவு சேறுள்ள நெல்வயல்கள். எதிரி கண்ணில் படமாட்டான். மரத்தின் பின்னிருந்து சுடுவான், மறைவான். முன்னேறும் வழியில் மரக்கோட்டைகள். கடந்து வந்த வழியில் வெட்டிச் சாய்த்த மரங்கள். உணவும் மருந்தும் வந்து சேரவில்லை. அண்டை நாடாகிய ரெம்பாவ் நானிங்குக்குத் துணையாக ஆட்களை அனுப்பிற்று. இன்று நானிங்குக்கு வந்த பத்திலொன்று நாளை ரெம்பாவுக்கும் வரும் என்ற அச்சமே அதற்குக் காரணம். மாத இறுதிக்குள் படை மலாக்காவுக்குத் திரும்பிற்று. இரண்டு பீரங்கிகளையும் வழியிலேயே செயலிழக்கச் செய்து விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று.

சிலநூறு உழவர்களிடம் கும்பெனி தோற்றது என்ற செய்தி தீபகற்பம் எங்கும் பரவிற்று. இனி வரிக்காகப் போரிடவில்லை. மானத்துக்காகப் போரிட வேண்டிய நிலைக்குக் கும்பெனி வந்துவிட்டது. அமெரிக்காவிலும் இப்படித்தான். ஒரு கட்டத்துக்குமேல் தேயிலை வரியால் என்ன கிடைக்கும் என்று லண்டனில் எவரும் கேட்கவில்லை. பணிய வைப்பது எப்படி என்பதே பேச்சாயிற்று.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அமெரிக்கருக்குப் பதின்மூன்று குடியேற்றங்களின் ஒற்றுமையும், பின்னர்ப் பிரெஞ்சு நாட்டின் துணையும் இருந்தன. நானிங்குக்கு இருந்த ஒரே துணை ரெம்பாவ். கும்பெனியார் முதலில் அதைப் பிரித்தனர். 1831 இறுதியிலும் 1832 தொடக்கத்திலும் ரெம்பாவுடன் உடன்படிக்கை செய்து, அந்நாட்டைத் தனியுரிமையுள்ள நாடாக ஏற்று, அதன்மீது தமக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தனர். ஆக, நானிங்கில் பத்திலொன்று பெறும் பொருட்டு ரெம்பாவில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தனர். ரெம்பாவின் ஆளும் குடும்பத்தில் மணந்திருந்த சையது ஷாபான் தம் ஆட்களோடு கும்பெனியின் பக்கம் வந்து சேர்ந்தார்.

1832 மார்ச்சில் இரண்டாம் படை புறப்பட்டது. கர்னல் ஹெர்பெர்ட் தலைமையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள். உடன் சென்னையின் சாப்பர் படை என்னும் பாதை அமைப்போர். இம்முறை ஓட்டம் இல்லை; கோடரியே போரிட்டது எனலாம். பாதையின் இரு பக்கமும் காட்டை அகலமாக வெட்டி வெளியாக்கிக்கொண்டே சென்றனர். இருபது மைல் தொலைவைக் கடக்க மூன்று மாதத்துக்குமேல் பிடித்தது. மழை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடும் போராடியாக வேண்டும். ஜூன் 15-ஆம் நாள் தாபோ வீழ்ந்தது. டோல் சாயிட் தப்பிச் சென்றார்.

செலவு எவ்வளவு? ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன். அன்றைய மாற்றுக் கணக்கில் பத்து லட்சம் ரூபாய். கைக்கு வந்தது 200 சதுர மைல் நாடு. அதிலிருந்து கிடைத்த வருமானம் அதன் நிர்வாகச் செலவுக்கே போதவில்லை. பற்றாக்குறையை ஈடுசெய்யத் தோண்டி எடுத்த வாசகம் பற்றாக்குறையைப் பன்மடங்காக்கிற்று. வரலாற்று நூல்களில் முட்டாள்தனமான போர்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

வெற்றிக்குப் பின் பெங்குலுவின் மரபுவழி ஆட்சி ஒழிக்கப்பட்டது. நாடு முக்கிம்களாகப் பிரிக்கப்பட்டு, மலாக்காவின் டச்சு வழிக் குடும்பத்தைச் சேர்ந்த வெஸ்டர்ஹவுட் என்பவர் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். டோல் சாயிட் 1834-இல் வந்து சரணடைந்தார். அவரைத் தூக்கிலிடவில்லை, நாடுகடத்தவும் இல்லை. மலாக்காவில் வீடும் மாதந்தோறும் உதவித்தொகையும் தந்து வைத்துக்கொண்டனர். கட்டபொம்மனுக்கு நேர்ந்ததையும் இதையும் ஒப்பிட்டால் கும்பெனியின் மனம் இளகிற்று என்று சிலர் கருதலாம். பொருந்தாப் போர் செய்துவிட்டோம் என்ற உணர்வும் அதில் கலந்திருக்கலாம் என்று கொள்வதே ஏற்புடையது. 1849-இல் அவர் மறைந்தார். நிலத்தைப் பற்றிய வழக்கோ மறையவில்லை. மலாக்காவின் மரபுவழி நில உரிமையைத் தனியாக ஏற்கும் சட்டம் 1886-இல் வந்தது. பீரங்கி கொண்டு மறுத்த ஆதாட்டை ஐம்பது ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

இப்போரைப் பற்றி எழுதிவைத்தவர்களுள் இருவர் சென்னைப் படையின் அதிகாரிகளான பெக்பியும் நியூபோல்டும். பெக்பியின் நூல் 1834-இல் சென்னையிலேயே அச்சாயிற்று. இருவரும் எதிரியின் பக்கத்து நியாயத்தையும் ஓரளவு பதிவு செய்தனர் என்பது பாராட்டத்தக்கது. மூன்றாமவர் முன்ஷி அப்துல்லா. மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் அவர் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து வந்து நாகூரில் மணம் செய்துகொண்ட வழியினர். சிறு வயதில் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பினார் என்று அவரே தம் சரித்திரத்தில் கூறுகிறார். மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது அக்காலத்தில் முன்னோர் நாள் முதல் வந்த பழக்கமாம். தமிழ்ப் பள்ளியில் பணிபுரிவோர் இதைப் படிக்கும்போது சற்று நிமிர்ந்து உட்காருவர். நானிங் போரைப் பற்றிய செய்திகளும் அவருடைய ஹிகாயத்தில் உள்ளன.

நானிங்கின் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாடம் பாதியாகும். அதே காலத்தில் அதே குடியேற்றங்களில் வேறொரு கூட்டமும் வரியை எதிர்த்தது, துப்பாக்கி தூக்கவில்லை. பினாங்கு, சிங்கப்பூர் வணிகர்களே அவர்கள். துறைமுகங்களில் தீர்வையில்லா வாணிகமே அவர்களின் உயிர்நாடி. 1830-களில் கடற்கொள்ளையரை ஒடுக்கும் செலவுக்காகக் கப்பல் சரக்குமீது தீர்வை விதிக்கக் கல்கத்தா எண்ணியபோது அவர்கள் கூட்டம் கூடினர், மனு எழுதினர், 1837-இல் வணிகர் சங்கம் நிறுவினர். தீர்வை கைவிடப்பட்டது. 1855-இல் வெள்ளி டாலர் வழங்கிய இந்நாட்டில் ரூபாய்க் கணக்கைப் புகுத்தும் சட்டம் வந்தபோதும் இதே கூக்குரல். தங்களுக்குப் பிரதிநிதி இல்லாத கல்கத்தாச் சபை தங்களுக்குச் சட்டம் செய்வதா என்று அவர்கள் கேட்டது பாஸ்டன் வாதத்தின் எதிரொலியே. 1857-இல் சிங்கப்பூர் வணிகர்கள் லண்டன் பார்லிமெண்டுக்கே மனு அனுப்பினர். பத்தாண்டு கழித்து, 1867 ஏப்ரல் முதல் நாள், நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து நேரடி முடியாட்சிக் குடியேற்றமாயின.

இதிலும் ஒரு வேடிக்கை. அப்பிரிவினைக்கு நெடுநாள் தடையாயிருந்தது, இக்குடியேற்றங்களின் வரவு செலவு சரிக்கட்டவில்லை என்பது. அதைச் சரிக்கட்டியது எது? 1863-இல் இங்கே புகுத்தப்பட்ட முத்திரை வரி. அமெரிக்காவைப் பிரித்த அதே பெயருடைய வரி இங்கே பிரிவினைக்கு வழி செய்தது. ஆனால் பிரிந்தது பிரிட்டனிடமிருந்தன்று, கல்கத்தாவிடமிருந்து.

வணிகருக்கு வென்ற மனு உழவர்க்கு ஏன் வெல்லவில்லை? வணிகரிடம் செய்தித்தாள் இருந்தது. லண்டனில் கூட்டாளிகளும், பார்லிமெண்டில் அவர்களுக்காகப் பேச ஆட்களும் இருந்தனர். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்திருந்தது. டோல் சாயிட்டின் கடிதங்கள் மலாக்காக் கச்சேரியில் மொழிபெயர்க்கப்பட்டு, எவர்மீது குறை கூறினாரோ அவர் கை வழியாகவே மேலிடம் சென்றன. குறையை உரியவர் காதில் போட வழியுள்ள இடத்தில் வரி வாக்குவாதமாகிறது. வழியில்லாத இடத்தில் கிளர்ச்சியாகிறது. 1875 நவம்பரில் பேராக்கின் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டதிலும், 1915-இல் கிளந்தானின் பாசிர் பூத்தேயில் விளைச்சலைப் பாராத புதிய நிலவரியை எதிர்த்துத் தோக் ஜாங்குட் எழுந்ததிலும் இதே இழை ஓடுகிறது. அவற்றைத் தனித்தனியே விரித்தெழுத வேண்டும், ஈண்டு இடமில்லை.

பாகான் டாலாம் அடங்கிய பட்டர்வொர்த் நகரின் பெயரும் ஒரு கவர்னரின் பெயரே. 1843 முதல் 1855 வரை ஆண்ட கர்னல் பட்டர்வொர்த்தும் சென்னைப் படையிலிருந்து வந்தவர்தாம். அதிகாரிகளின் பெயர்கள் இப்படிக் கோட்டையிலும் ஊரிலும் நிலைத்துவிட்டன. மலாக்காக் குன்றின் சரிவில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு தூண் நிற்கிறது. நானிங் போரில் இறந்த லெப்டினெண்டுகள் ஒயிட், ஹார்டிங் இருவரின் நினைவாக எழுப்பியது. தாபோ நானிங்கில் டோல் சாயிட்டின் கல்லறையும் பேணப்பட்டு வருகிறது. தஞ்சையிலோ நெல்லையிலோ வேலூரிலோ தம் தந்தை நிலத்துக்குக் கிஸ்தி கட்டிவிட்டு, இங்கே இன்னொருவரின் நெல்லில் பத்திலொன்று வாங்கிக் கொடுக்க வந்து, சேற்றிலும் காய்ச்சலிலும் மடிந்த சிப்பாய்களின் பெயர்கள் அந்தத் தூணில் இல்லை.